கரண்ட் பில் பணம் யாருடையது?

முன்பு குடியிருந்த வீட்டில் கரண்ட் பணத்தை வாடகையோடு சேர்த்து வீட்டுக்காரரிடமே கொடுத்துவிடுவேன். ஒருநாள் வந்து ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுப் போனார்கள். விசாரித்தால், பில் கட்டவே இல்லை. "அடுத்த மாசம் கட்டிடறேன் சார், இதெல்லாம் ஒரு விஷயமா?" என்றார் அவர். போலீஸில் கேட்டேன். "இது சிவில் மேட்டர்" என்றார்கள்.

திருட்டு இல்லை, சரி. அப்போ இதுக்கு என்ன பேரு? தேடப் போனதில் 1799 லண்டனில் போய் நின்றேன்.

லம்பார்டு தெருவில் ஒரு வங்கி. காசாளர் பெயர் ஜோசப் பேஸ்லி. வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்தனுப்பிய 137 பவுண்டை வாங்கி, கணக்கில் சரியாக வரவு வைத்தார். அதில் 100 பவுண்டு நோட்டை மட்டும் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். பிடிபட்டார். ஆனால் அது திருட்டு ஆகாது என்று நீதிபதிகள் முடிவு செய்தார்கள். திருட்டு என்றால் இன்னொருவர் வசம் இருப்பதை எடுக்க வேண்டும். அந்த நோட்டோ வங்கியின் பெட்டிக்குள் போகவே இல்லை! அதே ஆண்டில் நாடாளுமன்றம் கையாடலைத் தனிக் குற்றமாக்கியது.

ஆனால் அந்தச் சட்டம் குமாஸ்தா, வேலைக்காரர்களுக்கு மட்டும்தான். பெஞ்சமின் வால்ஷ் என்ற தரகர் (எம்.பி.யும்கூட), பத்திரம் வாங்கித் தரச்சொல்லிக் கொடுத்த பணத்தோடு ஓடப் பார்த்தார். அவரும் சட்டத்தின் பிடியிலிருந்து தப்பினார். 1812இல் தரகர், முகவர்களையும் சேர்த்து இன்னொரு சட்டம் வந்தது.

1860இன் இந்திய தண்டனைச் சட்டம் இப்படி ஓட்டை ஓட்டையாக அடைக்கவில்லை. 'நம்பி ஒப்படைக்கப்பட்ட சொத்து' என்று 405ஆம் பிரிவில் பொதுவாகவே எழுதிவிட்டார்கள்.

அப்படியும் ஒரு சந்து மிச்சம். தொழிலாளி சம்பளத்தில் பி.எஃப். பிடித்துக்கொண்டு முதலாளி கட்டாமல் விட்டால்? அந்தப் பணம் தொழிலாளி கைக்கே வரவில்லையே, எங்கே ஒப்படைத்தான்? 1973இல் அதற்கென்றே ஒரு விளக்கத்தைச் சேர்த்தார்கள்: பிடித்துவிட்டாலே அது ஒப்படைக்கப்பட்ட பணம், கட்டாவிட்டால் நேர்மையில்லாமல் பயன்படுத்தியதாகக் கொள்ளப்படும். 1975இல் இ.எஸ்.ஐ.க்கும் அதே மாதிரி. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவிலும் இரண்டும் இருக்கின்றன.

கரண்டுக்கும் தண்ணீருக்கும் வசூலித்த பணத்துக்கு அங்கே அப்படி ஒரு வரி இல்லை. பொதுப் பிரிவே போதும் என்று வாதாடலாம்தான். ஆனால் வாடகையோடு கலந்துவிட்ட பணத்தை 'வெறும் பாக்கி' என்று சொல்லித் தப்பிப்பது சுலபம். நாலு நாள் தாமதமானதற்கெல்லாம் ஜெயில் வேண்டாம். பில் பணம் என்று சொல்லி வாங்கி, கெடு தாண்டியும் கட்டாமல் தன் செலவுக்கு எடுத்துக்கொண்டால் அது குற்றம் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

அன்றைக்கு ராத்திரி இருட்டில் உட்கார்ந்திருந்தது, பணத்தை ஒழுங்காகக் கொடுத்த நாங்கள்தான்.