இடுப்பில் கட்டிய துண்டு: பாதம் கழுவும் வழக்கத்தின் வரலாறு

யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் இயேசு பந்தியிலிருந்து எழுகிறார். மேலாடையைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்கிறார். தோளில் கிடக்க வேண்டிய துண்டு இடுப்புக்கு இறங்கினால் என்ன பொருள் என்று தமிழருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிச் சீடர்களின் கால்களைக் கழுவத் தொடங்கியதும் பேதுரு பதறித் தடுக்கிறார். விருந்தாளியின் கால் கழுவுவது அன்றைய ரோமப் பேரரசில் வீட்டு அடிமையின் வேலை. கழுவி முடித்தபின், சீடர்களும் இதையே ஒருவருக்கொருவர் செய்யக் கடமைப்பட்டவர்கள் என்கிறார் இயேசு.

இந்த ‘ஒருவருக்கொருவர்’ பின்வந்த நூற்றாண்டுகளில் என்ன ஆயிற்று என்பதே இக்கட்டுரையின் கேள்வி. வழக்கம் அழியவில்லை. ஆனால் அதிலிருந்த கொடுக்கல் வாங்கல் கழன்றுபோய், மேலே இருப்பவர் ஆண்டுக்கு ஒரு நாள் குனியும் சடங்காக அது பெரும்பாலும் சுருங்கியது. அன்றாட வேலையோடு சேர்ந்திருந்த இடங்களில்தான் அது தொண்டாகவே நீடித்தது என்று கருதுகிறேன்.

நற்செய்திக்கு வெளியே புதிய ஏற்பாட்டில் பாதம் கழுவுதல் ஒரே ஓர் இடத்தில் வருகிறது. சபையின் பட்டியலில் சேர்க்கத்தக்க கைம்பெண் யார் என்று 1 திமொத்தேயு 5ஆம் அதிகாரம் சொல்லுமிடம் அது. பிள்ளைகளை வளர்த்திருக்க வேண்டும், அந்நியரை உபசரித்திருக்க வேண்டும், இறைமக்களின் கால்களைக் கழுவியிருக்க வேண்டும், துன்பப்படுவோருக்கு உதவியிருக்க வேண்டும். வீட்டு வேலைகளின் வரிசையில், ஒரு பெண்ணின் கைகளில் இந்தச் செயல் வருவதைக் கவனிக்க வேண்டும். பிற்காலத்து விதிகள் சில இதை அடியோடு மறந்துவிட்டன.

4ஆம் நூற்றாண்டில் வழக்கம் திருமுழுக்கோடு ஒட்டிக்கொண்டது. உடனே சர்ச்சையும் எழுந்தது. அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயினில் கூடிய எல்விரா சங்கம், திருமுழுக்குப் பெறுவோரின் கால்களைக் குருக்கள் கழுவக் கூடாதென்று தடை விதித்தது. மிலான் ஆயர் அம்புரோஸ் நேர் எதிராக நின்றார். அவருடைய ஆலயத்தில் ஆயரே கழுவுதலைத் தொடங்கிவைப்பார், குருக்கள் தொடர்வார்கள். ரோமையில் இவ்வழக்கம் இல்லையென்று தெரிந்தே, எங்களுக்கும் சிந்திக்கத் தெரியும் என்ற தொனியில் அவர் வாதாடினார். இது திருமுழுக்கின் பகுதியென்று மக்கள் எண்ணிவிடக் கூடாதே என்ற தயக்கத்தில் சிலர் வழக்கத்தையே விட்டுவிட்டனர், சிலர் வேறு நாளுக்கு மாற்றினர் என்று ஆயர் அகுஸ்தீன் ஒரு கடிதத்தில் குறிப்பிடுகிறார். இது அருள்சாதனமா இல்லையா என்ற விவாதத்தில், யார் யாருக்குச் செய்கிறார் என்ற கேள்வி பின்தள்ளப்பட்டது.

அந்தக் கேள்வியை மீட்டெடுத்தது ஒரு சமையல்கட்டு. 6ஆம் நூற்றாண்டில் மோந்தே கசினோ மடத்தில் பெனடிக்ட் வகுத்த ஒழுங்குநூலின் 35ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். நோயாளிகளும் முக்கியப் பணியில் இருப்பவர்களும் தவிர யாருக்கும் சமையல் முறையிலிருந்து விலக்கு இல்லை. வார முறை முடிப்பவர் சனிக்கிழமையன்று எல்லாவற்றையும் துப்புரவாக்க வேண்டும். சகோதரர்கள் கை, கால் துடைத்த துணிகளைத் துவைக்க வேண்டும். பிறகு முறை முடிப்பவரும் முறை ஏற்பவரும் சேர்ந்து அனைவருடைய கால்களையும் கழுவ வேண்டும். பாத்திரங்களைச் சுத்தமாக, உடையாமல் பண்டகக் காப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் அவற்றை அடுத்தவரிடம் எண்ணித் தருவார். பரிமாறுபவர்கள் முணுமுணுக்காமல் வேலை செய்ய, சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே அவர்களுக்குக் கொஞ்சம் ரொட்டியும் பானமும் கூடுதலாகக் கொடுக்கச் சொல்கிறது நூல். தியாகம் பேசும் எத்தனையோ நூல்களில், தொண்டு செய்பவரின் பசியை நினைத்துப் பார்த்த நூல்கள் அரிது.

முறை சுழன்று வருவதால் இந்த வாரம் முறை முடித்துக் கழுவியவர் அடுத்த வாரம் கழுவப்படுகிறார். நற்செய்தியின் கட்டளை இங்கே அட்டவணையாகவே மாறிவிட்டது. 53ஆம் அதிகாரம் அதே செயலை வாசலுக்குக் கொண்டுபோகிறது. மடாதிபதியும் மடத்தார் அனைவரும் விருந்தினரின் கால்களைக் கழுவ வேண்டும். ஏழைகளையும் வழிப்போக்கர்களையும் வரவேற்பதில் தனி அக்கறை வேண்டும். செல்வர்களுக்கு அவர்கள்மேல் உள்ள அச்சமே மரியாதையைப் பெற்றுத் தந்துவிடும் என்கிறார் பெனடிக்ட்.

இந்த மரபு பல நூற்றாண்டுகள் உயிரோடிருந்தது. ஏறத்தாழ 970இல் இங்கிலாந்தின் வின்செஸ்டரில் துறவுமடங்களுக்காக வகுக்கப்பட்ட பொது ஒழுங்கின்படி, மடத்தில் உணவு பெறும் ஏழைகளில் மூவரின் கால்கள் தினமும் கழுவப்பட்டன. துறவிகள் உண்ணும் அதே உணவு அவர்களுக்கும் பரிமாறப்பட்டது. ஆனால் அவ்வேழைகள் திரும்பித் துறவியின் காலைக் கழுவுவதில்லை. இரக்கம் வளர்ந்த அதே வேளையில் சமத்துவம் சற்றே விலகிப்போனது இங்கேதான். இதற்கு முன்பே, 694இல் கூடிய டொலேடோ சங்கம், ஆயர்களும் குருக்களும் ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று பாதம் கழுவியே தீர வேண்டுமென்று ஆணையிட்டிருந்தது. அன்றாட வேலைக்கு ஆணை தேவைப்படுவதில்லை.

ஆண்டுக்கொரு நாள் என்றானபின் அரசர்களும் வந்து சேர்ந்தார்கள். இங்கிலாந்து மன்னர் ஜான் 1213ஆம் ஆண்டின் பெரிய வியாழனன்று ரோச்செஸ்டரில் 13 ஏழைகளுக்குத் தலா 13 பென்னி கொடுத்தார். முதலாம் எலிசபெத் காலத்தில் சடங்கின் படிநிலை முழுமையாக வெளிப்படுகிறது: அரசி மண்டியிடுவதற்கு முன்பே அரண்மனைச் சலவைப் பணியாளர்களும் தானப்பணி அதிகாரிகளும் அடுத்தடுத்து, தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழைப் பெண்களின் கால்களைக் கழுவிவிடுவார்கள். அழுக்குள்ள கால் அரசியின் கைக்கு வரவே இல்லை. தம் கையாலேயே கழுவிய கடைசி ஆங்கில அரசராக 17ஆம் நூற்றாண்டின் இரண்டாம் ஜேம்ஸைச் சொல்வார்கள். 18ஆம் நூற்றாண்டில் கழுவுதலே நின்றது; காலப்போக்கில் நாணயம் மட்டும் மிஞ்சியது. இன்றும் தானப்பணித் தலைவர் இடுப்பில் வெள்ளைத் துண்டு கட்டிக்கொண்டு நிற்கிறார், தண்ணீர்தான் இல்லை. வியன்னாவில் ஹாப்ஸ்பர்க் பேரரசர் 12 முதியவர்களின் கால்களைக் கழுவும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நீடித்தது.

இந்தக் கோணலைச் சீர்திருத்த இயக்கத்தின் தலைவர் மார்ட்டின் லுத்தர் அப்போதே கண்டுகொண்டார். மேலதிகாரி ஒரு நாள் கீழிருப்பவரின் காலைக் கழுவுகிறார்; சடங்கு முடிந்ததும் கீழிருப்பவர் முன்னிலும் அதிகமாக அவருக்குப் பணிய வேண்டியிருக்கிறது என்று கண்டித்தார். சடங்கை விட்டுவிட்டு அன்பைக் கைக்கொள்ளுங்கள் என்பது அவர் முடிவு. கண்டனம் சரியானதே. ஆனால் சடங்கே போனபின், குனிய வேண்டிய உடம்புக்கு அதை நினைவூட்ட ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது.

சீர்திருத்தத்தின் ஓரத்தில் துன்புறுத்தப்பட்டு வாழ்ந்த சிறு குழுக்கள் வேறு வழி கண்டன. மெனோனைட் சபையார் 1632இல் ஏற்ற டோர்ட்ரெக்ட் விசுவாச அறிக்கையின் 11ஆம் பிரிவு முழுவதும் பாதம் கழுவுதல் பற்றியது. 1708இல் ஜெர்மனியின் ஸ்வார்செனாவில் தொடங்கிய சகோதரர் சபை, இதை அன்பின் விருந்தோடும் திருவிருந்தோடும் இணைத்தது. ஒருவரே கழுவித் துடைப்பதா, ஒருவர் கழுவ இன்னொருவர் துடைப்பதா என்று அவர்கள் 19ஆம் நூற்றாண்டில் கடுமையாக வாதிட்டார்கள். இது அற்ப விவாதமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உண்மையாகவே கழுவுகிறவர்களுக்குத்தான் இந்தச் சிக்கல் வரும். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையிலும் திருவிருந்துக்கு முன் விசுவாசிகள் இருவர் இருவராக ஒருவர் காலை ஒருவர் கழுவுகிறார்கள். தமிழ்நாட்டில் உள்ள அச்சபைகளும் இதையே பின்பற்றுகின்றன.

கத்தோலிக்கத் திருச்சபையில் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1955இல் வெளியிட்ட சீர்திருத்தம், பாதம் கழுவுதலைப் பெரிய வியாழன் மாலைத் திருப்பலிக்குள் கொண்டுவந்து பங்குமக்களின் கண்முன் நிறுத்தியது. ஆனால் அமரும் பன்னிருவரும் ஆண்களாக இருக்க வேண்டுமென்றும் வரையறுத்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2013 மார்ச் 28 அன்று ரோமையின் காசல் தெல் மார்மோ இளையோர் சிறைக்குச் சென்று, இளம்பெண்களும் இஸ்லாமியரும் அடங்கிய பன்னிருவரின் கால்களைக் கழுவினார். விதி பின்னால்தான் மாறியது: 2016 ஜனவரியில் வெளியான ஆணை, இறைமக்கள் அனைவரிலிருந்தும் தேர்ந்தெடுக்கலாம் என்றது. அதே ஆண்டு பெரிய வியாழனன்று காஸ்தெல்நுவோவோ தி போர்த்தோ அகதிகள் மையத்தில் அவர் முன் அமர்ந்தவர்களில் இந்தியாவைச் சேர்ந்த ஓர் இந்துவும் இருந்தார்.

யாருடைய கால் என்ற கேள்விக்கு இந்த மாற்றம் துணிவான விடை தந்தது. யார் கழுவுவது என்ற கேள்வியை அது தொடவில்லை. கழுவுபவர் இன்னும் குருவே. அவருடைய காலை யாரும் கழுவுவதில்லை. நம் பங்குகளில் அந்தப் பன்னிரண்டு நாற்காலிகளுக்கு ஆள் தேர்ந்தெடுக்கப்படும் விதம், சாதியும் பணமும் அதில் குறுக்கிடும் விதம், தனி ஆய்வுக்குரியது. அந்த ஆய்வு பீடத்தருகே மட்டும் நின்றுவிடாமல், அசனம் எனும் பொதுவிருந்துக்கான சமையல் நடக்கும் இடத்துக்கும் போய், அங்கே ஏனம் கழுவுகிறவர்கள் யார் யார், ஆண்டுதோறும் அவர்கள் மாறுகிறார்களா என்றும் விசாரிக்க வேண்டும்.