பம்பரைத் தாங்கும் கை

ரயில் நிலையத்தில் எஞ்சின் ஒன்று மெல்ல வந்து பெட்டியோடு சேரும் காட்சியை நம்மில் பலர் நின்று பார்த்திருப்போம். பழைய பெட்டிகளின் இரு முனைகளிலும் பக்கத்துக்கு ஒன்றாக வட்டத் தட்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். எஞ்சின் வந்து இடித்ததும் அவை உள்ளே அமுங்கி, மீண்டும் வெளியே வரும். பெட்டியில் இருப்பவருக்குச் சிறு குலுக்கல்தான் தெரியும். அவ்வளவு பெரிய எஞ்சினின் இடியை அந்தத் தட்டுதான் தாங்கிக்கொண்டது என்று நமக்குத் தோன்றும். உண்மையில் தாங்கியது தட்டு அன்று. அதற்குப் பின்னால் மறைந்திருக்கும் வில்.

மோட்டார் காரின் பம்பருக்கும் இதே கதைதான். பளபளவென்று முன்னால் தெரிவது பம்பர். அதைக் காரின் உடலோடு பிணைத்து நிற்பது, யார் கண்ணிலும் படாத ஓர் இரும்புக் கை. பட்டறைகளில் அதைப் ‘பிராக்கெட்’ என்பார்கள். பம்பரின் வரலாறு பெரும்பாலும் இந்தக் கையின் வரலாறுதான்.

ரயில் பெட்டிக்காரர்கள் செய்த கார்

இன்றைய செக் குடியரசில், மொராவியா பகுதியில், நெசல்ஸ்டார்ஃப் என்ற ஊரில் ரயில் பெட்டிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. பிற்காலத்தில் டாட்ரா என்ற பெயரில் புகழ்பெற்ற நிறுவனம் இதுவே. அங்கே 1897-இல் ‘பிரசிடென்ட்’ என்ற கார் உருவாயிற்று. தொழிற்சாலையிலேயே பம்பர் பொருத்தி வெளிவந்த முதல் கார் என்று இதைக் குறிப்பிடுவது வழக்கம். ரயில் பெட்டிக்கு இடிதாங்கி செய்து பழகிய கைகள், காருக்கும் ஒன்று வைக்க நினைத்ததில் வியப்பில்லை. 1905-இல் இங்கிலாந்தில் ஃபிரெடரிக் சிம்ஸ் என்ற பொறியாளர் காற்றடைத்த ரப்பர் பம்பரைத் தம் சிம்ஸ்-வெல்பெக் காரில் பொருத்திக் காட்டினார்.

பின்னர் வளையும் உருக்குப் பட்டைகள் பம்பராயின. அதற்கடுத்து அலங்காரம் புகுந்தது. நிக்கல், குரோமியம் முலாம் பூசிய பம்பர்கள் காருக்கு நகை போல ஆயின. இரண்டாம் உலகப் போருக்குப்பின் வந்த அமெரிக்கக் கார்களில் இந்த நகை அணியும் ஆசை உச்சத்தை எட்டியது. ஆனால் நகைக்கும் இடிதாங்கிக்கும் வேறுபாடு உண்டல்லவா? ஒவ்வொரு நிறுவனமும் தான் விரும்பிய உயரத்தில் பம்பரை வைத்தது. ஒரு காரின் பம்பர் மற்றொரு காரின் பம்பரைச் சந்திக்காமல், அதன் விளக்கையோ ரேடியேட்டரையோ சந்தித்தது. நிறுத்துமிடத்தில் நேரும் சிறு இடிக்கும் பெரிய செலவு ஆயிற்று.

சட்டம் வந்தது

அமெரிக்க மத்திய அரசின் 215-ஆம் எண் வாகனப் பாதுகாப்பு விதி 1972 செப்டம்பரில், அதாவது 1973-ஆம் ஆண்டு மாடல் கார்களுக்கு, நடைமுறைக்கு வந்தது. கார் மணிக்கு 5 மைல் வேகத்தில் அசையாத சுவர் ஒன்றில் முன்புறமாக மோதினாலும், 2½ மைல் வேகத்தில் பின்புறமாக மோதினாலும், விளக்குகள், எரிபொருள் அமைப்பு போன்ற பாதுகாப்புக்குரிய பாகங்கள் பழுதடையக்கூடாது என்றது விதி. அடுத்த ஆண்டு மாடல்களுக்கு அது மேலும் இறுகியது. பின்புறத்துக்கும் 5 மைல் ஆயிற்று. தரையிலிருந்து 16 முதல் 20 அங்குல உயரத்துக்குள், ஊசல் போல ஆடிவரும் எடையால் பம்பரை இடித்தும் சோதிக்க வேண்டும் என்றாயிற்று. இனி எல்லாக் கார்களின் பம்பர்களும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்தாக வேண்டும்.

5 மைல் என்பது 8 கிலோமீட்டர். மெதுவாக ஓடும் மனிதனின் வேகம். இதற்கா இத்தனை பாடு என்று தோன்றலாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காரின் நிறை 1,000 கிலோ. வேகம் விநாடிக்கு 2.24 மீட்டர். நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் இயக்க ஆற்றல் கிடைக்கும். அது ஏறத்தாழ 2,500 ஜூல். கார் நிற்க வேண்டுமானால் இந்த ஆற்றல் முழுவதும் எங்காவது செலவாக வேண்டும். விசையைத் தூரத்தால் பெருக்கினால் வேலை அல்லவா? பம்பர் 1 சென்டிமீட்டர் மட்டுமே உள்ளே போய்க் கார் நின்றால், சராசரி விசை 2,50,000 நியூட்டன். அதாவது 25 டன் பாரம். அதே பம்பர் 5 சென்டிமீட்டர் உள்ளே போனால் விசை 5 டன்னாகக் குறைகிறது. கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுப்பதும் இதற்காகத்தான்.

ஆகவே சட்டத்தை நிறைவேற்றப் பம்பரைத் தடிமனாக்கினால் மட்டும் போதாது. அதைத் தாங்கும் கை பின்னுக்கு நகர வேண்டும். அமெரிக்கக் கார்கள் பலவற்றில் பிராக்கெட் இருந்த இடத்தில், எண்ணெயும் வாயுவும் அடைத்த, ஒன்றுக்குள் ஒன்று செல்லும் குழாய்கள் வந்தன. ஜெர்மனியின் போர்ஷ் நிறுவனம் 911 காரின் 1974 மாடலில் அலுமினியப் பம்பரை வைத்து, அது நகர்வதற்கான இடைவெளியை ஆர்மோனியத் துருத்தி போன்ற ரப்பர் மடிப்புகளால் மறைத்தது. அமெரிக்காவுக்குச் சென்ற கார்களில் அந்தப் பம்பருக்குப் பின்னால் மீண்டுவரும் ஹைட்ராலிக் தாங்கிகள் இருந்தன. மற்ற நாடுகளில் விற்றவற்றில், ஒருமுறை நசுங்கினால் மாற்றிவிட வேண்டிய எளிய குழாய்களே இருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது.

எம்.ஜி.பி.யின் தாடை

இந்த மாற்றத்தால் மிகவும் பேச்சுக்குள்ளான கார், இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்.ஜி.பி. என்ற சிறு ஸ்போர்ட்ஸ் கார். நம் நாட்டுக்கும் இதனோடு ஓர் உறவு உண்டு. அம்பாசடர் காரில் நெடுங்காலம் ஓடிய 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும், எம்.ஜி.பி.யின் 1,798 சி.சி. எஞ்சினும் ‘பி-சீரிஸ்’ என்ற ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

எம்.ஜி.பி. பெருமளவில் விற்றது அமெரிக்காவில். 1974-இன் பிற்பகுதியில் அதன் மெல்லிய குரோமியப் பம்பர்கள் போய், உள்ளே உருக்குச் சட்டமும் வெளியே கறுப்புப் பாலியூரித்தேனும் கொண்ட பருத்த பம்பர்கள் வந்தன. ‘ரப்பர் பம்பர்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவற்றின் பாரத்தையும் இடியையும் ஏற்க, முன்புறத்துப் பெட்டிக் கம்பங்களின் முனைகளும் மாற்றியமைக்கப்பட்டன. பம்பர் உரிய உயரத்துக்கு வர, கார் முழுவதையுமே ஏறத்தாழ 1½ அங்குலம் உயர்த்தினார்கள். எடையின் மையம் மேலேறியதால் கார் வளைவுகளில் அதிகமாகச் சாய்ந்தது. போதாக்குறைக்கு, திறந்த மாடலில் சாய்வைத் தடுக்கும் கம்பியையும் எடுத்துவிட்டிருந்தார்கள். 1977 மாடலில் முன்னும் பின்னும் அந்தக் கம்பிகளை வைத்த பிறகே நிலைமை சீரடைந்தது.

இந்தப் பம்பர்கள் உலகெங்கும் விற்ற எம்.ஜி.பி.க்களில் வந்தன. சட்டம் இல்லாத இங்கிலாந்திலும் அதே தாடைதான். 1980 அக்டோபரில் அபிங்டன் தொழிற்சாலை மூடப்பட்டது. 1982-இல் அமெரிக்க அரசு விதியைத் தளர்த்திச் சோதனை வேகத்தை 2½ மைலாகக் குறைத்தது. வேகம் பாதியானால் ஆற்றல் கால்வாசியாகும். எனவே இது பெரிய சலுகை. ஆனால் எம்.ஜி.பி.க்கு அது காலம் கடந்து வந்த சலுகை.

பட்டறையில் தொடரும் வரலாறு

பழைய கார்களைப் போற்றுபவர்கள், கறுப்புப் பம்பரைக் கழற்றிவிட்டுக் குரோமியப் பம்பர் பொருத்த விரும்புவது இன்றும் தொடர்கிறது. அமெரிக்காவுக்கென்று செய்த மெர்சிடிஸ் கார்களில் ஐரோப்பியப் பம்பரை மாட்டுபவர்களும் உண்டு. பம்பர் கிடைத்துவிடும், சிக்கல் அதற்குப் பிறகுதான். கம்பத்தில் உள்ள துளைகள் ஒரு பம்பருக்கானவை, கையில் இருப்பதோ வேறொரு பம்பர். இரண்டையும் சேர்க்கும் பிராக்கெட்டைத் தாமே செய்தாக வேண்டும்.

அனுபவமுள்ளவர் முதலில் இரும்பை வெட்டுவதில்லை. மரக்கட்டைகளின் மேல் பம்பரை அதன் சரியான இடத்தில் நிறுத்துகிறார். அளவெடுப்பது தரையிலிருந்தோ மட்கார்டிலிருந்தோ அன்று. அடிக்கம்பத்தின் நிலையான துளைகளிலிருந்து. தரை சரிந்திருக்கலாம், மட்கார்டு எப்போதோ தட்டி நிமிர்த்தியதாக இருக்கலாம். பிறகு அட்டையில் மாதிரி வெட்டி, இடத்தில் வைத்துப் பார்த்து, அதையே தகட்டில் வரைகிறார். இடப்பக்கத்துப் பிராக்கெட்டின் கண்ணாடிப் பிம்பமே வலப்பக்கத்தது. இதை மறந்து இரண்டையும் ஒரே பக்கத்துக்குச் செய்துவிடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

வடிவத்திலும் விஞ்ஞானம் உண்டு. பள்ளிக்கூட அளவுகோலைப் படுக்கவைத்து முனையை அழுத்தினால் வளைகிறது. விளிம்பு மேலாக நிறுத்தி அழுத்தினால் வளைவதில்லை. தகட்டின் ஆழம் இரு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். ஆகவே பம்பரின் எடை கீழ்நோக்கி இழுக்கும் பிராக்கெட்டில் பட்டை நிமிர்ந்து நிற்க வேண்டும். கையின் நீளம் இரு மடங்கானால் அடிவேரில் வளைக்கும் திருப்பமும் இரு மடங்காகும். எனவே குட்டையான கையே நல்லது. மடிப்பைக் கூர்மையாக மடித்தால் ஓடும் அதிர்வில் அங்கேதான் வெடிப்பு விழும். துளைகளைச் சற்று நீளமாக அறுத்தால் பம்பரை நேர்செய்ய இடம் கிடைக்கும். பொருந்தாததை போல்ட்டை முறுக்கி இழுத்துப் பொருத்தினால், அந்த இழுவிசை நாளெல்லாம் பிராக்கெட்டுக்குள் தங்கி அதைக் களைக்கவைக்கும். முலாம் பூசிய பாகத்தின் மேல் வெல்டிங் கூடாது. முலாம் கெடுவதோடு அதிலிருந்து எழும் புகை உடலுக்குக் கேடு.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று உண்டு. பிராக்கெட் எவ்வளவு உறுதியாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று பலர் எண்ணி, கனத்த தகட்டில் செய்துவிடுகிறார்கள். ஃபியூஸ் கம்பி அடிக்கடி போகிறதே என்று தடித்த செம்புக் கம்பியைச் செருகுவது போன்றது இது. இடி வரும்போது பிராக்கெட் வளையாவிட்டால், அந்த 2,500 ஜூலும் நேரே காரின் கம்பத்துக்குப் போகும். வளைந்த பிராக்கெட்டை ஒரு நாளில் மாற்றலாம்; வளைந்த கம்பத்தை நிமிர்த்துவது அத்தனை எளிதன்று. மிக மெலிந்ததாகச் செய்தாலோ பம்பர் ரேடியேட்டரில் போய் அமரும். காரின் கம்பத்தைவிட வலுக்குறைந்தும், பம்பரின் எடைக்கும் அதிர்வுக்கும் போதுமான வலுவோடும் இருப்பதே நல்ல பிராக்கெட்.

இன்றைய கார்களில் பிளாஸ்டிக் மூடிக்கு உள்ளே உருக்கு அல்லது அலுமினியச் சட்டம் ஒன்றும், அதற்குப் பின்னால் மடிந்து நசுங்கும்படி செய்த இரு சிறு பெட்டிகளும் இருக்கின்றன. பழைய பிராக்கெட்டின் பேரப்பிள்ளைகள் இவை. அவற்றுக்கு முன்னால் கனத்த இரும்புக் கம்பித் தடுப்பை நேரே அடிச்சட்டத்தில் போல்ட் போட்டு மாட்டினால், நசுங்க வேண்டியது நசுங்காமல் போகும். நடந்து செல்பவர் மீது பட்டால் காயமும் பெரிதாகும். 2017 டிசம்பரில் இந்திய அரசு அத்தகைய தடுப்புகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியதன் காரணமும் இதுவே.

அடுத்த முறை தெருவில் பழைய கார் ஒன்று நின்றால், பம்பரில் உங்கள் முகத்தைப் பார்த்ததோடு நின்றுவிடாதீர்கள். சற்றுக் குனிந்து, அதற்குப் பின்னாலிருக்கும் கையையும் பாருங்கள்.