டிரக் கேம்பர் பழுதுபார்ப்பு

டிரக் கேம்பர் என்பது பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் ஏற்றிப் பொருத்தும் சிறு பயண வீடு. வட அமெரிக்காவில் மிகுதியாகப் புழங்குகிறது. பழைய கேம்பர்கள் பலவற்றில் மரச்சட்டத்தின் மேல் நெளி அலுமினியத் தகடு போர்த்தியிருக்கும்.

சேதத்தின் முதன்மைக் காரணம் நீர்க்கசிவு. கூரை மூட்டுகள், மூலைப்பட்டிகள், சன்னல் ஓரங்கள், விளக்குகளின் திருகுத் துளைகள் வழியே மழைநீர் புகுந்து மரத்தை மக்கச் செய்கிறது. ஓட்டுநர் அறைக்கு மேல் நீளும் படுக்கைப் பகுதியும், தூக்கித் தாங்கும் ஜாக்கிகள் பொருந்திய மூலைகளும் எளிதில் பாதிக்கப்படுபவை. மரத்தில் குத்திப் பார்க்கும்போது குத்தூசி தடையின்றி இறங்கினால் அந்த மரம் மக்கிவிட்டது என்று பொருள்.

பழுதுபார்க்கும்போது கேம்பருக்கு முட்டுக்கொடுத்து, மூலைப்பட்டியையும் தகட்டையும் கழற்றி, உட்பகுதியை நன்கு உலர்த்த வேண்டும். மக்கிய பகுதியை உறுதியான மரம் தென்படும்வரை வெட்டியெடுத்து, அதே அளவில் புதுச் சட்டத்தைப் பசையும் திருகும் இட்டு இணைக்க வேண்டும். நனைந்த காப்புப் பஞ்சையும் மாற்ற வேண்டும். தகட்டை மீண்டும் பொருத்தியபின், மூலைப்பட்டியின் அடியில் நீர் புகாமல் அடைக்கும் புதிய பியூட்டைல் நாடா ஒட்டுவது இன்றியமையாதது. மூட்டுகளை அடைக்கச் சிலிக்கோன் பூசினால், அந்த இடத்தில் பின்னர் பிற பூச்சுகள் சரியாகப் பிடிக்காது. ஆதலால் அதைத் தவிர்ப்பது நல்லது.

கசிவை அடைக்காமல் மரத்தை மட்டும் மாற்றினால் சேதம் திரும்பவும் வரும்.