நெல்லின் பெயரும் நெல் வந்த வழியும்

மொழிமன்றத்தின் பொதுச்சொற்பொழிவு வரிசையில் நெல் சாகுபடிக்கு என்ன வேலை என்று அவையோரில் சிலர் எண்ணக்கூடும். மொழியியல் பயின்ற நமக்கு அந்த ஐயம் எழவில்லை. புதிய விதையோ புதிய நடவு முறையோ ஓர் ஊருக்குள் நுழையும்போது அதனுடன் ஒரு சொல்லும் நுழைகிறது. அச்சொல்லை யார் சொன்னார், யார் கேட்டார், கேட்டவர் அதைத் தம் வாய்க்கு ஏற்ப எவ்வாறு மாற்றிக்கொண்டார் என்று தொடர்ந்து சென்றால், உழவர்கள் புதியதொன்றைக் கற்ற வரலாறு ஓரளவு துலங்குகிறது. வேளாண் துறையின் ஆண்டறிக்கைகளில் எத்தனை ஏக்கர், எத்தனை டன் என்ற கணக்குக் கிடைக்கும். உழவர் யார் பேச்சை நம்பினார் என்ற செய்தி அங்கே அரிது. காவிரிப் படுகையிலும் மலாயாவிலும் 1960களில் வெளிவந்த சில நெல் வகைகளின் பெயர்களைக் கொண்டு அச்செய்தியைத் தேடிப் பார்ப்போம்.

பழைய நெற்பெயர்கள் பெரும்பாலும் கண்ணால் கண்டு இட்டவை. நிறம், மணியின் வடிவம், விளையும் பருவம், தாங்கி நிற்கும் நீரின் ஆழம், உண்டவர்க்குத் தரும் வலிமை ஆகியவையே பெயராயின. முக்கூடற்பள்ளு முதலிய பள்ளு நூல்கள் இத்தகைய பெயர்களை அடுக்கிச் செல்வதைத் தமிழ் மாணவர் அறிவர். அப்பெயர்களில் விதையை உருவாக்கியவர் எவர் என்ற குறிப்பு இராது. விதை தந்தையிடமிருந்தோ சம்பந்தி வீட்டிலிருந்தோ அண்டை வயலிலிருந்தோ வந்தது. எல்லாருக்கும் தெரிந்த ஒன்றைப் பெயரில் சொல்லத் தேவையில்லை.

சென்னை மாகாண அரசு 1912இல் கோயம்புத்தூரில் நெல் ஆராய்ச்சி நிலையத்தையும் 1922இல் ஆடுதுறையில் மற்றொன்றையும் தொடங்கிய பின்னர் நிலை மாறியது. 1921இல் வெளியிடப்பட்ட ஒரு புகழ்பெற்ற நெல் ஜி.இ.பி. 24 எனப்பட்டது. அந்த மூன்று எழுத்துகளும் அரசாங்கப் பொருளாதாரத் தாவரவியலாளர் என்னும் ஆங்கிலப் பதவிப்பெயரின் முதலெழுத்துகள். ஓர் உத்தியோகத்தின் பெயரை வயலில் விதைப்பது உழவருக்கு உவப்பாக இருந்திருக்காது. அவர்கள் அதனைக் கிச்சிலி சம்பா என்று அழைத்தனர். தாம் முன்னமே அறிந்த சம்பா வரிசையில் அதற்கு ஓர் இடம் கொடுத்து, அந்நியத்தைக் களைந்த பின்னரே வீட்டுக்குள் சேர்த்தனர். ஆய்வு நிலையங்களின் பெயரால் ஏ.டி.டி., கோ என எண்ணிட்டு வந்த நெற்களும் பின்னர்ப் பெருகின. ஏ.டி.டி. என்பது ஆடுதுறையின் ஆங்கிலச் சுருக்கம்.

இனி 1960களின் தஞ்சாவூருக்கு வருவோம். 1960-61இல் இந்திய அரசு ஃபோர்டு அறக்கட்டளையின் துணையுடன் தொடங்கிய தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களுள் தஞ்சாவூரும் ஒன்று. அரசு சூட்டிய நீண்ட பெயரை நாவில் வைத்துக்கொள்ள எவருக்கும் இயலவில்லை. பேக்கேஜ் திட்டம் என்ற பெயரே நிலைத்தது. நல்ல விதை, உரம், பூச்சிமருந்து, கடன், ஆலோசனை ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுப்பது அதன் நோக்கம். ஊருக்கு ஊர் கிராம சேவகர் சென்றார். ஆயினும் ஒரு சேவகர் பல ஊர்களைப் பார்க்க வேண்டியிருந்தது. அவர் வராத மாலைகளில் வானொலி வந்தது.

1939இல் தொடங்கிய திருச்சிராப்பள்ளி வானொலி நிலையத்தின் ஒலி காவிரிப் படுகை முழுவதும் எட்டியது. 1956இல் பூனா வட்டாரத்தின் 150 ஊர்களில் யுனெஸ்கோவின் துணையோடு நடந்த ஒரு சோதனையில், உழவர்கள் குழுவாக அமர்ந்து கேட்டு, கேட்டதை விவாதித்தனர். அந்த முறை பின்னர் நாடெங்கும் விரிந்தது. 1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல் வெளிவந்தபோது, திருச்சி நிலையம் நாற்றங்கால் முதல் அறுவடை வரை அதன் சாகுபடி முறைகளை ஒலிபரப்பியது. குறுவைப் பருவத்துக்கு ஏற்ற நெல் அது. தஞ்சை உழவர் அதனை ரேடியோ நெல் என்று அழைத்தனர்.

இப்பெயரைச் சிறிது நின்று நோக்க வேண்டும். நிறமோ பருவமோ ஊரோ இதில் இல்லை. செய்தி வந்த வழியே பெயராகிவிட்டது. கிச்சிலி சம்பாவில் அலுவலரை மறந்த அதே சமூகம், இங்கே தகவல் தந்த கருவியை நினைவில் வைத்துக்கொண்டது. இது பாராட்டா, எச்சரிக்கையா? இரண்டும் கலந்தது என்பது நம் கருத்து. 'ரேடியோவில் சொன்ன நெல்' என்று கூறுபவர், சொன்னவர் யார் என்பதையும், பொய்த்தால் யாரைக் கேட்க வேண்டும் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்.

தமிழ் இலக்கணம் இதற்கு ஒரு நுண்ணிய கருவியை வைத்திருக்கிறது. வினையின் இறுதியில் சேரும் 'ஆம்' என்னும் இடைச்சொல், கூறுபவர் அச்செய்தியைத் தாமே கண்டறியவில்லை, பிறர் சொல்லக் கேட்டார் என்பதைக் காட்டும். "புது நெல்லு மூணரை மாசத்துல வந்துருமாம்" என்று திண்ணையில் ஒருவர் சொல்கிறார் என்று கொள்வோம். அவர் பொய் சொல்லவில்லை. பொறுப்பும் ஏற்கவில்லை. அண்டை வயலில் ஒருவர் கால் காணியில் நட்டுப் பார்த்து, கதிர் முற்றி, களத்தில் தூற்றி அளந்த பின்னர் அதே வாயிலிருந்து "மூணரை மாசத்துல வந்துருது" என்ற வாக்கியம் வருகிறது. 'ஆம்' உதிர்ந்துவிட்டது. வேளாண் விரிவாக்க நூல்கள் ஏற்பு என்று குறிப்பிடும் நிகழ்ச்சி இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நடைபெறுவது. வானொலி முதல் வாக்கியத்தை ஆயிரம் ஊர்களில் ஒரே மாலையில் விதைத்தது. இரண்டாவது வாக்கியத்தை விளைவிக்க ஒவ்வோர் ஊரிலும் ஒருவர் துணிய வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் இதே முடிவை வேறு வழியில் கண்டவர்கள் உண்டு. அயோவா மாநிலத்தின் 259 உழவர்களை ஆராய்ந்து, கலப்பின மக்காச்சோளம் பரவிய வகையை ரயனும் கிராஸும் 1943இல் வெளியிட்டனர். விதை நிறுவன விற்பனையாளர் வழியே பலர் முதலில் செய்தி அறிந்தனர். மனத்தைத் திருப்பியவர்கள் பெரும்பாலும் அண்டை அயலார். அவர்களுடைய ஆங்கிலத்தில் நம்முடைய 'ஆம்' இல்லை. ஆகவே நீண்ட வினாநிரல் கொண்டு கேட்க வேண்டியிருந்தது போலும்!

தஞ்சையில் வானொலி யாரை நோக்கிப் பேசியது என்ற வினாவையும் தவிர்க்க இயலாது. எந்த விதையை வாங்குவது, எவ்வளவு உரம் இடுவது என்பன நிலம் உடையவர் முடிவு செய்யும் செய்திகள். நாற்றுப் பறித்து நட்டவர்களும் களை எடுத்தவர்களும் அறுத்தவர்களும் பெரும்பாலும் நிலமற்ற கூலியாள்கள். அவர்களுள் பெண்கள் மிகுதி. 'விவசாயப் பெருமக்களே' என்ற விளி அவர்களைச் சேர்த்ததா? விளைச்சல் பெருகும் என்று கேட்டவர்கள் கூலியும் பெருக வேண்டும் என்று எண்ணியது இயல்பு. அதே மாவட்டத்தில், 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வுப் பூசல் முற்றிய கீழவெண்மணியில் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டவர்கள் 44 பேர். அதன் வேர்கள் நிலவுடைமையிலும் சாதியிலும் ஆழ்ந்தவை. ஒரு நெல்லின்மேல் அப்பழியைச் சுமத்த மாட்டோம். எனினும் அக்காலத் தஞ்சையின் நெல் வரலாற்றை விளைச்சல் கணக்கோடு நிறுத்திக்கொள்பவர்கள் பாதியைத்தான் எழுதுகிறார்கள்.

இவ்விடத்தில் நாம் மலாயாவுக்குத் திரும்பக் காரணம் உண்டு. ஆடுதுறை 27 ஜப்பானிய நெல்லான நோரின் 10இையும் மேலே கண்ட ஜி.இ.பி. 24ஐயும் கலந்து பெற்றது. 1950களில் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் ஒடிசாவின் கட்டாக்கை மையமாகக் கொண்டு, ஜப்பானிக்கா நெல்லையும் இண்டிகா நெல்லையும் கலக்கும் பெருந்திட்டம் ஒன்றை நடத்திற்று. அதே திட்டத்தின் விதைகள் மலாயாவுக்கும் வந்தன. அவற்றிலிருந்து 1964இல் மலிஞ்சா, 1965இல் மசூரி ஆகிய நெற்கள் வெளிவந்தன. மலிஞ்சா என்பது மலாயா, இந்தியா, ஜப்பான் என்னும் மூன்று பெயர்களின் தலையெழுத்துகளைக் கோத்த சொல். மசூரியோ லங்காவித் தீவின் பழங்கதைத் தலைவியின் பெயர். பழிசுமத்தப்பட்டு இறந்தவள் என்று அக்கதை கூறும். நம் நாட்டு மாயாங் எபோஸ் நெல்லும் தைவானின் தைச்சுங் 65உம் மசூரியின் பெற்றோர்.

பெயரிடுவதில் இரு நாடுகளும் வெவ்வேறு வழியில் சென்றன. பிலிப்பீன்ஸ் ஆய்வு நிலையத்தின் ஐ.ஆர். 8 இங்கே 1966இல் ரியா என வெளியிடப்பட்டது. ஐ.ஆர். 5 பஹாகியா ஆயிற்று. களிப்பும் இன்பமும் பெயராக வந்தன. தமிழ்நாட்டில் எண் எண்ணாகவே நின்றது. ஆனால் அங்கே ஓர் உழவர் தம் மகனுக்கே ஐ.ஆர். எட்டு என்று பெயரிட்டார் என்ற செய்தி உண்டு. எண்ணைப் பிள்ளையாக்கிய அந்த அன்பை எந்த விளம்பரப் பெயராலும் வாங்கியிருக்க முடியாது.

மசூரி 1960களின் பிற்பகுதியில் இந்தியாவுக்குச் சென்றது. அங்குள்ள ஆய்வு நிலையங்கள் அதனை ஒதுக்கிவிட்டன. உயர்ந்து வளரும் பயிர் ஆதலால், தழைச்சத்து மிகுந்தால் சாய்ந்துவிடும் என்பது காரணம். அதன் பின்னர் நிகழ்ந்ததை வேளாண் ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். ஆந்திரத்தில் பண்ணையில் வேலை செய்த கூலியாள் ஒருவர் அந்நெல்லில் சிறிது எடுத்துச் சென்று ஊரில் விதைத்தார். அதனைக் கண்ட அண்டை வயலார் கேட்டு வாங்கினர். அது ஊர் ஊராகச் சென்று, இந்தியாவில் மிகப் பரவலாகப் பயிரிடப்பட்ட நெற்களுள் ஒன்றாயிற்று. வானொலி இல்லை, சேவகர் இல்லை, மானியம் இல்லை. மேலே சொன்ன 'ஆம்' இங்கே தோன்றவே வேண்டியிருக்கவில்லை. முதலில் கண்டவர் வயலில் நின்றவர். அவர் பெயரை மட்டும் எவரும் குறித்து வைக்கவில்லை.

தமிழ்நாட்டில் அந்த நெல் பொன்னி ஆயிற்று. காவிரியின் பெயர்! லங்காவித் தலைவி காவிரிக் கரையில் ஆற்றின் பெயர் பெற்றாள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986இல் வெளியிட்ட வெள்ளைப் பொன்னியும் அதே வழியில் வந்தது. ஆந்திரத்தின் பாபட்லா நிலையம் வெளியிட்ட பி.பி.டி. 5204இன் கொடிவழியில் ஜி.இ.பி. 24, மசூரி இரண்டும் உள்ளன. அதற்குச் சம்பா மசூரி என்று பெயர். சம்பா தமிழ், மசூரி மலாய். ஒரு மொழியியல் மாணவர் கலப்புச் சொல்லுக்கு எடுத்துக்காட்டுத் தேடினால் வேறெங்கும் போக வேண்டா. தமிழ்நாட்டுக் கடைகளில் அது டீலக்ஸ் பொன்னி என்று விற்பனையாவது வேறு கதை. பிற்காலத்தில் மலேசியாவில் பொன்னி என்னும் பெயரை வணிகக்குறியாகப் பதிந்தபோது இந்தியத் தரப்பு மறுப்புத் தெரிவித்தது. பெயர் அங்கிருந்து வந்தது, நெல் இங்கிருந்து போனது என்பதை அவ்வழக்கைப் பற்றிப் பேசியவர்களுள் எத்தனை பேர் நினைத்தனரோ!

விதைக்கு நேர்ந்தது முறைகளுக்கும் நேர்ந்தது. மடகாஸ்கரில் லோலானியே என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் 1980களில் வகுத்த நடவு முறை, தமிழ்நாட்டில் இரண்டாயிரத்துக்குப் பின் பரவியது. பதினான்கு நாள் இளநாற்று, குத்துக்கு ஒன்று, சதுர இடைவெளி, உருளும் களைக்கருவி ஆகியவை அதன் கூறுகள். உழவர் அதனை ஒற்றை நாற்று நடவு என்றனர். செய்வதைச் சொல்லும் பெயர். அரசு வழங்கிய பெயர் திருந்திய நெல் சாகுபடி. திருந்துதல் என்னும் வினையைத் தமிழர் தவறிழைத்தவரைப் பற்றியே மிகுதியும் வழங்குவர். அவ்வாறாயின் அதுவரை நட்டவர்கள் திருந்தாதவர்களா? தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டையொட்டி 2010இல் இராசராசன் 1000 என்றும் ஒரு பெயர் சூட்டினர். மன்னரின் பெயரால் நடவு வேகம் பெற்றதா என்பது வேறு. முதிர்ந்த நாற்றைக் கொத்தாக எடுத்து விரைவாக நட்டுப் பழகிய பெண்களின் விரல்கள், மெல்லிய ஒற்றை நாற்றைக் குறியிட்ட இடத்தில் வைக்கப் பயில வேண்டியிருந்தது. அவர்களிடம் பேசாமல் நில உரிமையாளரிடம் மட்டும் பேசிய ஊர்களில் முறை நிலைக்காதது வியப்பன்று.

திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடைபெற்றது. மரபு நெல் வகைகளை மீட்ட ஜெயராமன் அதனை நடத்தினார். அங்கு வரும் உழவருக்கு ஏதேனும் ஒரு வகையில் இரண்டு கிலோ விதை கொடுக்கப்படும். அடுத்த ஆண்டு அவர் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். கொண்டு வந்து தருபவர் ஓராண்டு தம் வயலில் அதைப் பார்த்தவர். எவ்வளவு நீர் தாங்கிற்று, எப்போது கதிர் வாங்கிற்று என்பதை 'ஆம்' இன்றிச் சொல்லக்கூடியவர். மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் இவ்வாறே மீண்டும் பல மாவட்டங்களுக்குச் சென்றன. ஜெயராமன் 2018 டிசம்பரில் மறைந்தார். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஊரார் அவர் பெயருக்கு முன்னால் நெல் என்ற சொல்லைச் சேர்த்துவிட்டிருந்தனர்.