சுண்ணாம்புப் பட்டறைப் பையன்

மேதைகள் யாரிடமும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்று கேட்டால் நமக்கு ஏனோ சந்தோஷமாக இருக்கிறது. கதை எழுதிப் பிழைக்கும் எனக்கும் அந்தச் சபலம் உண்டு. ஆனால் இத்தாலியச் சித்திரக்காரர் மைக்கேல் ஆஞ்சலோ விஷயத்தில், கதையைவிட ஒரு கணக்குப் புத்தகந்தான் என் மனசைக் கவர்ந்தது.

அந்தக் காலத்துப் பிளாரன்ஸ் நகரில் சித்திரம் கற்க வேண்டிய பையனை ஒரு குருவின் பட்டறையில் விட்டுவிடுவார்கள். சுமார் 1400-ல் சென்னினோ சென்னினி என்ற ஓவியர் எழுதிய நூலில் அதற்குப் பாடத்திட்டமே இருக்கிறது. முதலில் 1 வருஷம் சிறு பலகையில் கோடு போட்டுப் பழக வேண்டும். பிறகு 6 வருஷம் வர்ணம் அரைப்பது, பசை காய்ச்சுவது போன்ற வேலைகள். அதற்கப்புறம் 6 வருஷம் வர்ணம் தீட்டுவதும் சுவரில் எழுதுவதும். பண்டிகை நாளில்கூடக் கோடு போடுவதை விடக் கூடாதாம்!

இவ்வளவு பாடு எதற்கு? சுவர்ச் சித்திரத்தின் சூட்சுமம் சுண்ணாம்பில் இருக்கிறது. நீற்றிய சுண்ணாம்பை மணலோடு குழைத்துப் பூசி, ஈரம் காய்வதற்குள் வர்ணத்தைத் தண்ணீரில் கரைத்து எழுத வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மறுபடியும் கல்லாகும்போது, வர்ணமும் அதற்குள் சிறைப்பட்டுவிடுகிறது. ஆகையால் ஒரு நாளில் எழுத முடிகிற அளவுக்குத்தான் பூசுவார்கள். தவறிப்போனால் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டியதுதான். இந்தப் பதம் படித்து வராது, கைப்பழக்கத்தில்தான் வரும்.

1488 ஏப்ரல் 1-ந் தேதி, 13 வயதுப் பையன் மைக்கேல் ஆஞ்சலோவை அவன் தகப்பனார் லொடோவிகோ, கிர்லாண்டாயோவின் பட்டறையில் 3 வருஷத்துக்கு ஒப்படைத்தார். சாந்தா மரியா நோவெல்லா தேவாலயத்துச் சுவர்களில் அந்தப் பட்டறை மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்த சமயம் அது. பையனுக்குச் சம்பளம், மூன்று வருஷத்துக்கும் சேர்த்து 24 பிளாரின் பொன். அவ்வளவு காலம் அவன் அங்கே தங்கவில்லை என்பது வேறு விஷயம்.

பிற்காலத்தில் சீடர் கொண்டிவி 1553-ல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில், கிர்லாண்டாயோ பையனுக்கு ஒரு ஒத்தாசையும் செய்யவில்லை என்று கண்டிருந்தது. 1550-லேயே வரலாறு எழுதி வெளியிட்டிருந்த வஸாரிக்கு ரோஷம் வந்துவிட்டது. 1568-ல் வந்த இரண்டாம் பதிப்பில், குருவின் கணக்குப் புத்தகத்தில் லொடோவிகோ கைப்பட எழுதியிருந்த ஒப்பந்தத்தையே எடுத்து அச்சிட்டுவிட்டார். மைக்கேல் ஆஞ்சலோ 1564-லேயே காலமாகிவிட்டார்.

எனக்கு அந்தக் கிழவர்மேல் கோபமில்லை. ரோமாபுரியில் ஸிஸ்டைன் ஆலயத்து விதானத்தை எழுத 1508-ல் அவர் சாரம் ஏறியபோது, பிளாரன்ஸிலிருந்து ஒத்தாசைக்கு வரவழைத்தவர்களில் ஒருவர், பழைய பட்டறைத் தோழர் கிரானாச்சி. நடுவில் பூச்சில் பூஞ்சணம் பூத்துவிட்டது. சிற்பி சங்கல்லோ வந்து, ரோமாபுரிச் சுண்ணாம்பில் தண்ணீர் மிஞ்சிவிட்டதென்று காட்டிக் கொடுத்தார் என்கிறார் வஸாரி. 1512-ல் விதானம் முடிந்தது. 1980-க்குப் பிறகு அதைச் சுத்தம் செய்தபோது, ஒவ்வொரு நாள் பூச்சும் மறுநாள் பூச்சோடு சேரும் விளிம்புகள் துலக்கமாகத் தெரிந்தன. மறுக்க முடியாத பட்டறைப் பாடம் அது. 1494-ல் இறந்துபோன கிர்லாண்டாயோ அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

வீட்டுப் பிள்ளை சுவரில் கரித்துண்டால் கிறுக்கினால், அவன் மேதையா என்று நாம் ஆராய வேண்டாம். சுண்ணாம்பு குழைக்கத் தெரிந்தவர் யாராவது பக்கத்தில் இருக்கிறாரா என்று விசாரிப்பதே உத்தமம்.