ஈரல் நோயாளியின் தட்டிலிருந்து முட்டையை எடுத்தது யார்?

"டாக்டர், முட்டை குடுக்கலாமா? பருப்பு? பால்?"

ஈரல் சுருக்கம், அதாவது சிரோசிஸ் உள்ளவரைக் கூட்டிட்டு வர்ற குடும்பத்துல யாராவது ஒருத்தர் இதைக் கேக்காம போறதில்லை. நான் 'கூடாது'ன்னு சொல்லுவேன்னு எதிர்பார்த்துதான் கேக்குறாங்க. ஏன்னா வீட்ல ஏற்கெனவே உப்பில்லாத இட்லி, மோர் சோறு, இளநீர்னு ரெண்டு மாசம் ஓடியிருக்கும். நோயாளியைப் பாத்தா வயிறு பானை மாதிரி, கை கால் குச்சி மாதிரி.

இந்த 'கூடாது' எங்கேருந்து வந்துச்சு?

பாதி நம்ம ஊர் மஞ்சள்காமாலை பத்தியத்துலருந்து. மீதிப் பாதி எங்க மருத்துவப் புத்தகங்கள்லருந்தே வந்தது. அந்த ரெண்டாவது பாதியோட கதை ரஷ்யாவுல சில நாய்கள்கிட்ட ஆரம்பிக்குது. கொஞ்சம் நீளமான இழைதான், பொறுமையா படிங்க.

முதல்ல பேரு. ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடிச்ச பிரெஞ்சு மருத்துவர் லெய்னெக்தான் 1819ல் இந்த நோய்க்கு 'சிரோசிஸ்'னு பேர் வச்சார். பழுப்பு மஞ்சள் நிறத்தைக் குறிக்கிற கிரேக்கச் சொல். பிணப் பரிசோதனையில ஈரல் அந்த நிறத்துல, முடிச்சு முடிச்சா இருந்தது. அவ்ளோதான். காரணமும் தெரியாது, சிகிச்சையும் கிடையாது. அடுத்த நூறு வருஷத்துக்கு ஈரல் சுருக்கம்னா வயித்துல நீர் எடுத்துவிட்டு நாளை எண்ண வேண்டியதுதான்.

இப்போ நாய்க் கதை.

நம்ம குடல்லருந்து வர்ற ரத்தம் நேரா இதயத்துக்குப் போறதில்லை. போர்ட்டல் சிரைங்கிற பெரிய குழாய் வழியா முதல்ல ஈரலுக்குப் போகும். ஊருக்குள்ள வர்ற சரக்கெல்லாம் செக்போஸ்ட்ல நின்னு போற மாதிரி. 1877ல் நிக்கொலாய் எக் என்ற ரஷ்ய ராணுவ அறுவை மருத்துவர் ஒரு கேள்வி கேட்டார்: இந்த ரத்தத்தை ஈரலுக்குள்ள விடாம நேரா பெரிய சிரைக்குத் திருப்பிவிட்டா என்ன ஆகும்? எட்டு நாய்களுக்கு அப்படி இணைப்பு போட்டுப் பார்த்தார். ஏழு சீக்கிரமே செத்துப்போச்சு. ஒண்ணு மட்டும் ரெண்டரை மாசம் பிழைச்சிருந்து, கடைசியில ஆய்வகத்துலருந்து தப்பிச்சு ஓடிடுச்சு! மருத்துவ வரலாற்றிலேயே எனக்குப் பிடிச்ச நோயாளி அதுதான்.

எக் அதோட விட்டுட்டார். மணி அடிச்சா நாய்க்கு எச்சில் ஊறும்னு நாம பள்ளிக்கூடத்துல படிச்ச அதே பாவ்லோவ்தான், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல தன் சகாக்களோட சேர்ந்து இதைக் கையில எடுத்தார். 1893ல் அவங்க வெளியிட்ட முடிவு இதுதான்: 'எக் இணைப்பு' போட்ட நாய்க்கு மாமிசம் கொடுத்தா அதோட குணமே மாறிடுது. எரிச்சலா இருக்கு, தள்ளாடுது, கண்ணு தெரியாத மாதிரி முட்டிக்குது, வலிப்பு வந்து மயங்கி விழுது. சில நாய்கள் தாமாவே மாமிசத்தை ஒதுக்கிடுச்சு. இதுக்கு 'மாமிச நச்சு'ன்னு பேர் வந்தது. புரதம் உடையும்போது வர்ற நைட்ரஜன் கழிவை ஈரல் யூரியாவா மாத்தணும். ஈரலைச் சுத்திப் போற ரத்தத்துல அது நடக்கலை. ரொம்ப நல்ல ஆராய்ச்சி, சந்தேகமே இல்லை.

ஆனா ஒண்ணைக் குறிச்சு வச்சுக்கோங்க. அந்த நாய்களோட ஈரல் ஆரம்பத்துல ஆரோக்கியமான ஈரல். தசையும் நல்லா இருந்தது. ஒரே நாள்ல குழாயை மாத்திட்டு மாமிசம் போட்டாங்க. பல வருஷமா நோயில கிடந்து தசையெல்லாம் கரைஞ்சுபோன மனுஷன் கதையே வேற.

அடுத்து நியூயார்க். 1930கள்ல ஆர்தர் பாட்டெக் என்ற மருத்துவர் ஒரு விஷயத்தைக் கவனிச்சார். குடியால ஈரல் கெட்டு வர்றவங்க எல்லாருமே பட்டினி கிடந்தவங்க மாதிரி இருக்காங்க. அப்போ சாப்பாடு போட்டா என்ன? பால், முட்டை, மாமிசம், வைட்டமின் பிக்காக ஈஸ்ட் எல்லாம் சேர்த்து சத்தான உணவு கொடுத்தார். 1948ல் 124 நோயாளிகளைப் பத்து வருஷம் பின்தொடர்ந்த கணக்கை வெளியிட்டார். பழைய ஆஸ்பத்திரிப் பதிவேடுகள்ல இருந்த நோயாளிகளோட ஒப்பிட்டா இவங்க கூடுதல் காலம் வாழ்ந்தாங்க. வயித்து நீர் வத்தினது, மஞ்சள் குறைஞ்சது. இன்னைய அளவுகோல்ல அது பலவீனமான ஒப்பீடுதான், ஒரே காலத்து நோயாளிகளைக் குலுக்கல் முறையில ரெண்டா பிரிச்சுப் பாத்ததில்லை. இருந்தாலும் சிரோசிஸ்காரங்களுக்குச் சோறு போட்டா பிழைக்கிறாங்கன்னு முதல்முறையா ஒருத்தர் எண்ணிக் காட்டினார்.

(இதுல ஒரு பக்க விளைவும் உண்டு. 'அப்போ கெடுக்கிறது சாராயம் இல்லை, சத்துக்குறைவுதான். நல்லா சாப்பிட்டுட்டுக் குடிக்கலாம்'னு ஒரு எண்ணம் பெரிய ஆட்கள் மத்தியிலேயே பரவுச்சு. 1970கள்ல சார்லஸ் லீபர் பபூன் குரங்குகளுக்குச் சத்தான உணவோட சேர்த்து சாராயத்தையும் கொடுத்து, அப்பவும் சிரோசிஸ் வருதுன்னு காட்டினப்புறம்தான் அது அடங்குச்சு. நம்ம ஊர்ல இன்னும் அடங்கலை. 'சைடு டிஷ் நல்லா சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது'ன்னு இன்னைக்கும் சொல்றாங்க.)

பாட்டெக் வழியிலேயே போயிருந்தா இந்த இழைக்கே வேலை இல்லை. ஆனா அதே சமயத்துல வேற ரெண்டு விஷயம் நடந்தது.

ஒண்ணு: 1940களின் நடுவுல, அதே நியூயார்க்ல, உணவுக்குழாய்ல வீங்கின நரம்பு வெடிச்சு ரத்த வாந்தி எடுக்கிறவங்களைக் காப்பாத்த எக் நாய்க்குப் போட்ட அதே இணைப்பை மனுஷங்களுக்குப் போட ஆரம்பிச்சாங்க. ரத்த வாந்தி நின்னது. ஆனா சிலர் மாமிசம் சாப்பிட்டதும் குழம்பிப் பேசினாங்க, கை படபடன்னு ஆடுச்சு, தூங்கி வழிஞ்சாங்க. பாவ்லோவோட நாய்கள் வார்டுக்குள்ளேயே வந்துட்ட மாதிரி.

ரெண்டு: பாஸ்டன்ல வயித்து நீரைக் குறைக்க, உடம்புல உள்ள சோடியத்தைப் பிடிச்சு வெளியேத்துற ரெசின் பொடி கொடுத்துப் பாத்தாங்க. அந்தப் பொடி சோடியத்தை எடுத்துக்கிட்டு அமோனியாவை உள்ளே விட்டுச்சு. நோயாளிகள் குழம்பிப் போனாங்க, பொடியை நிறுத்தினதும் தெளிஞ்சாங்க. 1952ல் இது வெளிவந்தது. ரெண்டு வருஷத்துல லண்டன்ல ஷீலா ஷெர்லக் குழு, குடல்லருந்து வர்ற நைட்ரஜன் கழிவு ஈரலைத் தாண்டி மூளைக்குப் போறதாலதான் இந்தக் குழப்பம்னு தெளிவா எழுதிட்டாங்க.

அமோனியா எங்கேருந்து வருது? புரதத்துலருந்து. அப்போ புரதத்தை நிறுத்து!

கேக்க எவ்வளவு நியாயமா இருக்கு பாருங்க. மயக்கத்துல வந்தா புரதம் பூஜ்யம். தெளிஞ்சா 20 கிராம். அப்புறம் 40 கிராம். அதுக்கு மேல பயம். அதைச் செஞ்சவங்களை நான் குறை சொல்லமாட்டேன். இணைப்பு போட்ட சில நோயாளிகள் நிஜமாவே அதுல தெளிஞ்சாங்க, வேற மருந்தும் அப்போ அதிகம் இல்லை. இன்னைக்கு நாங்க எழுதித் தர்ற லாக்டுலோஸ் சிரப் இந்த நோய்க்குன்னு வந்ததே 1966ல்தான்.

தப்பு எங்கே நடந்ததுன்னா, இணைப்பு போட்ட கொஞ்சப் பேருக்கான கட்டுப்பாடு ஈரல் நோயாளி எல்லாருக்குமான விதியா மாறிடுச்சு. குழப்பமே வராதவங்களுக்கும் 'எதுக்கும் குறைச்சுக்கோங்க'ன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. யாரும் சோதிச்சுப் பாக்கலை. அம்பது வருஷம்!

அந்த அம்பது வருஷத்துல நோயாளியோட உடம்புக்குள்ள என்ன நடந்துட்டிருந்துச்சு? 1983ல் அமெரிக்காவுல ஆலிவர் ஓவன் குழு அளந்து பாத்தாங்க. நல்ல ஈரல் ராத்திரிச் செலவுக்குன்னு சர்க்கரையைச் சேமிச்சு வைக்கும். சுருங்கின ஈரல்ல அந்தக் கிட்டங்கி ரொம்பச் சின்னது. ராத்திரி சாப்பிட்டுப் படுத்து காலையில எழுந்திருக்கிற சிரோசிஸ்காரரோட உடம்பு, நல்லா இருக்கிற ஒருத்தர் ரெண்டு மூணு நாள் பட்டினி கிடந்தா எப்படி இருக்குமோ அந்த நிலைக்குப் போயிடுது. தினமும். கிட்டங்கி காலியானா உடம்பு தசையை உடைச்சுச் சர்க்கரை செய்யும்.

இதுல கொடுமை என்னன்னா, ஈரல் கைவிட்ட அமோனியாவைப் பிடிச்சு அடக்குற அடுத்த பெரிய உறுப்பே தசைதான். புரதத்தைக் குறைச்சா தசை கரையும். தசை கரைஞ்சா அமோனியா ஏறும். அமோனியா ஏறினா 'இன்னும் புரதத்தைக் குறை'ம்பாங்க.

ஒருவழியா 2004ல் பார்சிலோனாவில் ஹுவான் கோர்டோபா குழு சோதிச்சுட்டாங்க. மூளைக் குழப்பத்தோட அட்மிட் ஆன 30 பேர். ஒரு பாதிக்குப் பழைய முறை: பூஜ்யத்துல ஆரம்பிச்சு மெதுவா ஏத்துறது. மறுபாதிக்கு முதல் நாள்லருந்தே ஒரு கிலோ எடைக்கு 1.2 கிராம் புரதம். குழப்பம் தெளிஞ்சதுல ரெண்டு பக்கமும் வித்தியாசம் இல்லை. குறைச்சுக் கொடுத்த பக்கம் உடம்பே தன் புரதத்தை அதிகமா உடைச்சுக்கிட்டதுதான் மிச்சம். சின்ன ஆய்வுதான், ஆனா பழைய விதி அதுக்கப்புறம் எழுந்திருக்கலை.

அந்த ராத்திரிப் பட்டினிக்கும் பதில் கிடைச்சது. 2008ல் நியூசிலாந்துல 103 நோயாளிகளுக்கு ஒரே சத்துபானத்தைப் பாதிப் பேருக்குப் பகல்லயும் பாதிப் பேருக்கு ராத்திரியும் ஒரு வருஷம் கொடுத்தாங்க. ராத்திரி குடிச்சவங்களுக்குத்தான் தசை கூடுச்சு, சுமார் 2 கிலோ. அதே பானம், அதே அளவு. நேரம் மட்டும்தான் மாறுச்சு!

நம்ம நாட்டுக் கணக்கும் இருக்கு. டெல்லி ஜி.பி. பந்த் மருத்துவமனையில் 120 பேர். பேச்சுல தெரியாத, சோதனையில மட்டும் தெரியற ஆரம்பக்கட்ட மூளைக் குழப்பம் உள்ளவங்க. பாதிப் பேருக்குப் போதுமான கலோரியும், பருப்பு, பால் மாதிரி உணவுல கிடைக்கிற புரதமும் ஆறு மாசம் திட்டம் போட்டுக் கொடுத்தாங்க. அந்தப் பக்கம் 71% பேருக்குச் சரியாச்சு. வழக்கமா சாப்பிட்ட பக்கம் 23%க்குக் கீழே. 2016ல் வந்த ஆய்வு இது. மாத்திரை இல்லை, சாப்பாடு.

இப்போ நம்ம பத்தியத்துக்கு வருவோம். உப்பு, எண்ணெய், பருப்பு எதுவும் கூடாதுன்னு சொல்ற காமாலைப் பத்தியத்துக்கு ஏன் இவ்ளோ பேர்? தண்ணி மூலமா பரவுற ஹெபடைட்டிஸ் ஏ காமாலை பெரும்பாலானவங்களுக்குச் சில வாரங்கள்ல தானாவே போயிடும். அந்த நேரத்துல எதைச் சாப்பிட்டிருந்தாலும் அதுக்குப் பேர் கிடைக்கும். குமட்டல்ல எண்ணெய்ப் பண்டம் பிடிக்காதுங்கிறதும் நிஜம். ரெண்டு வாரப் பத்தியம் ஒரு இளவட்டத்தை ஒண்ணும் செய்யாது. அதையே நாள்பட்ட ஈரல் நோய்க்கு ஆறு மாசம் வச்சா, போறது தசை. ரெண்டையும் ஒரே 'காமாலை'ங்கிற பேர்ல கூப்பிடுறதுதான் குழப்பத்துக்கே காரணம்னு எனக்குத் தோணும்.

சரி, இப்போ என்ன சாப்பிடணும்? ஐரோப்பிய ஈரல் ஆய்வுச் சங்கத்தோட 2019 வழிகாட்டுதல், கிலோவுக்கு 1.2லருந்து 1.5 கிராம் புரதம்னு சொல்லுது. 60 கிலோ ஆளுக்கு 72லருந்து 90 கிராம். ஒரு முட்டையில 6 கிராம்தான் இருக்குன்னா எவ்ளோ சாப்பிடணும்னு பாருங்க. முட்டை, பால், தயிர், பாசிப்பருப்பு, சுண்டல், மீன், கோழி எல்லாம் சேர்ந்தாதான் ஆகும். வயித்துல நீர் இருந்தா அந்த எடையைக் கழிச்சுட்டுக் கணக்குப் போடணும். மாமிசம் சாப்பிட்டா குழப்பம் வர்ற சிலர் உண்டு. அவங்களுக்கும் நிறுத்துறது பதில் இல்லை, பருப்பு, பால் பக்கம் மாத்துறதுதான்.

திடீர்னு குழம்பினா முட்டை மேல பழியைப் போடாதீங்க. மலச்சிக்கலா, உள்ளே ரத்தக்கசிவா, கிருமித் தொற்றா, தூக்க மாத்திரை எடுத்தாரான்னு பாக்கணும். உடனே ஆஸ்பத்திரி.

உப்பு பத்தி: வயித்துல நீர் இருந்தா குறைக்கணும், உண்மை. ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம், சுமார் ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ் நிறுத்தினாலே பாதி வேலை முடிஞ்சது. சுத்தமா உப்பே இல்லாம சமைச்சா அவர் சாப்பிடவே மாட்டார், அது அதைவிட மோசம். கடையில விக்கிற 'குறைந்த சோடியம்' உப்புல பொட்டாசியம் இருக்கும். நீர் மாத்திரை சாப்பிடுறவங்க கேக்காம வாங்காதீங்க. சாராயம், பீர், ஒயின் எதுவும் ஒரு சொட்டும் வேணாம்.

இதெல்லாம் சிரோசிஸ் வந்தவங்களுக்கு. ஸ்கேன்ல வெறும் கொழுப்பு ஈரல்னு வந்தவங்க இதைக் காட்டி ராத்திரி எக்ஸ்ட்ராவா சாப்பிடக்கூடாது! உங்களுக்கு எடை குறையணும். கியூபாவுல 293 பேரை ஒரு வருஷம் பாத்ததுல, எடையில 10% குறைச்சவங்கள்ல 90% பேருக்கு ஈரல் அழற்சி போயிடுச்சு, 45% பேருக்குத் தழும்பே குறைஞ்சது.

சிரோசிஸ் இருந்தா படுக்கப் போறதுக்கு முன்னாடி ரெண்டு இட்லியும் ஒரு டம்ளர் பாலும், இல்லேன்னா சத்துமாவுக் கஞ்சி. இது ராத்திரிச் சாப்பாட்டுக்கு மேல, அதுக்குப் பதிலா இல்லை. சர்க்கரை நோயும் சேர்ந்து இருந்தா இதை நிறுத்த வேணாம், மாத்திரை இன்சுலின் அளவை மாத்தணுமான்னு உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. காலையில எழுந்ததும் சீக்கிரமே டிபன். விரதம் வேணாம், அமாவாசையா இருந்தாலும் சரி.