முதியோர் வலியும் வலி மாத்திரைப் பயன்பாடும் (கொங்குப் பகுதி)

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அல்லது அடிக்கடி திரும்ப வரும் வலி, நாட்பட்ட வலி எனப்படும். வீட்டில் வாழும் முதியோர் இதற்கான மாத்திரைகளை மருந்துக் கடையில் தாங்களே கேட்டு வாங்குவதும் உண்டு. இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்கு மருந்து எழுதும் மருத்துவருக்கு அது தெரியாமல் போவதே இதன் முதன்மையான இடர்.

காரணங்கள்

முழங்கால் மூட்டுத் தேய்மானம், முதுகுத்தண்டுத் தேய்மானம், எலும்புப்புரையால் வரும் முறிவு, நீரிழிவு நரம்புப் பாதிப்பு ஆகியவை முக்கியமானவை. கொங்குப் பகுதியின் ஈரோடு மாவட்டத்தில் காவிரிக் கரையில் உள்ள கொடுமுடி, மஞ்சளும் கரும்பும் வாழையும் விளையும் பகுதி. அங்கு குனிந்து களையெடுப்பது, மஞ்சள் வெட்டுவது, மூட்டை சுமப்பது என்று பல ஆண்டுகள் செய்த வேலை மூட்டையும் இடுப்பையும் பாதிக்கிறது. பாத எரிச்சல், மதமதப்பு போன்ற நரம்பு வலிக்கு வழக்கமான வலி மாத்திரைகள் அவ்வளவாகப் பயன் தருவதில்லை.

மருந்துகள்

பாராசிட்டமால்: வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. உடல்நலமுள்ள பெரியவருக்கு ஒரு நாள் உச்ச வரம்பு 4 கிராம். எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் நோயாளிகளுக்கும் இது குறைக்கப்படும். சளி, காய்ச்சல் கூட்டு மாத்திரைகளிலும் இது இருப்பதால், அறியாமலேயே அளவு மிஞ்சலாம்.

அழற்சி அடக்கிகள்: டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் முதலியவை. இவற்றுள் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் மாத்திரைகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது.

ஓபியாய்டுகள்: டிராமடால் 2018-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் கொண்டுவரப்பட்டது. முதியோருக்கு இது தலைசுற்றல், மலச்சிக்கல், தடுமாறி விழுதல் ஆகியவற்றை உண்டாக்கலாம்.

இடர்கள்

அழற்சி அடக்கிகள் புரோஸ்டாகிளாண்டின் சுரப்பைக் குறைத்து வலியைத் தணிக்கின்றன. அதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவரைக் காத்து, சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தையும் தக்கவைக்கிறது. எனவே இம்மருந்துகளால் வயிற்றுப் புண், இரத்தக் கசிவு, சிறுநீரகப் பாதிப்பு, கால் வீக்கம், இரத்த அழுத்த உயர்வு ஆகியவை நேரலாம். எனலாப்ரில், டெல்மிசார்டான் போன்ற அழுத்த மாத்திரையோடு நீர் மாத்திரையும் சாப்பிடுபவர் அழற்சி அடக்கியையும் சேர்த்தால் சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கக்கூடும்; வெயில் காலத்திலும் வயிற்றுப்போக்கின்போதும் உடலில் நீர் குறைவதால் ஆபத்து கூடும். அழற்சி அடக்கி ஆஸ்பிரினோடு சேரும்போது இரத்தக் கசிவுக்கான வாய்ப்பு அதிகம். கருநிற மலம், சிறுநீர் குறைதல், திடீர் முக வீக்கம் ஆகியவை உடனே மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகள்.

பெயரில்லாப் பொடிகளிலும் உருண்டைகளிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அது வலியை விரைவில் அடக்கினாலும் சர்க்கரையை ஏற்றி எலும்பை மெலியச் செய்யும்.

மருந்தில்லா முறைகளும் வெளிப்பூச்சும்

பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மூட்டுத் தேய்மானத்துக்கு உடற்பயிற்சியையும் எடைக் குறைப்பையும் அடிப்படைச் சிகிச்சையாகச் சொல்கிறது. முழங்காலுக்கு மாத்திரைக்கு முன் அழற்சி அடக்கிக் களிம்பைப் பரிந்துரைக்கிறது. தொடைத் தசைப் பயிற்சி, கைத்தடி, தரையில் உட்காருவதைத் தவிர்த்து நாற்காலியில் அமர்வது, மேற்கத்திய கழிப்பறை ஆகியவை மூட்டின் சுமையைக் குறைக்கும். நொச்சி இலை ஒத்தடம், தவிட்டு ஒத்தடம் போன்ற வீட்டு வழக்கங்களின் சூடு தசை இறுக்கத்தைத் தளர்த்தும். ஆனால் பாத உணர்வு குறைந்த நீரிழிவு நோயாளிகளுக்கு அதே சூட்டால் புண் உண்டாகலாம்.

பொதுச் சேவைகள்

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இரத்த அழுத்த, நீரிழிவு மருந்துகளை வீட்டிலேயே கொடுக்கிறது. இயன்முறைச் சிகிச்சையும் நோய்த் தணிப்புச் சிகிச்சையும் அதில் அடங்கும். சென்னை கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறக்கப்பட்டது. வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளரிடம் கடையில் வாங்கிய மாத்திரை அட்டைகளையும் சேர்த்துக் காட்டினால், இரு மருந்துப் பட்டியல்களையும் ஒப்பிட்டு மருத்துவருக்குத் தெரிவிக்க வழி கிடைக்கும்.